நுரையீரல் ரத்தக்குழாய் அழற்சி: ஸ்கேன் படத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

"காய்ச்சல், இருமல். நிமோனியா சந்தேகம்." ஸ்கேன் அறைக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் இவ்வளவுதான் எழுதியிருக்கும். படத்தைத் திறந்தால் இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள். பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் அவை குறையவில்லை. நோயாளிக்கு ஆறு மாதமாக மூக்கில் ரத்தப் பொருக்கு வந்துகொண்டிருந்தது, சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்த அணுக்கள் தெரிந்தன என்ற இரண்டு விஷயமும் அந்தச் சீட்டில் இல்லை. நுரையீரல் ரத்தக்குழாய் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், பல நேரம் இப்படித்தான் கண்ணுக்கு முன்னால் இருந்துகொண்டே கை நழுவிப் போகிறது.

மருத்துவப் படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்தவர்கள், கதிரியக்கத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து, ரிப்போர்ட்டில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்று தேடுபவர்களுக்கும் உதவும். சிகிச்சை பற்றிய முடிவை மட்டும் பார்க்கும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய குழாய்களை விட்டால், ரத்தக்குழாய்ச் சுவரில் நடக்கும் அழற்சியை எந்த ஸ்கேனும் நேரடியாகக் காட்டுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய தந்துகியின் சுவரை சி.டி. எப்படிக் காட்டும்? அந்தக் குழாய் கெட்டதால் நுரையீரலில் ஏற்பட்ட விளைவுதான் நமக்குத் தெரிகிறது: கசிந்த ரத்தம், செத்துப்போன திசு, பிறகு வரும் தழும்பு. விளைவைப் பார்த்து எந்தக் குழாய் என்று ஊகிப்பதுதான் நம் வேலை. படம் மட்டும் வைத்து "இது வாஸ்குலைட்டிஸ்" என்று முடித்துவிட முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்புவதும், பயாப்ஸிக்கு (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கு) எந்த இடம் சரி என்று காட்டுவதும், உயிருக்கு ஆபத்தான கசிவைச் சில மணி நேரத்திலேயே கண்டுபிடிப்பதும் படம்தான்.

படத்தைத் திறக்கும் முன்

நோயாளியிடமோ அனுப்பிய மருத்துவரிடமோ ஐந்து நிமிடம் பேசுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அரை மணி நேரம் திரையை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. இருமலில் ரத்தம் வந்ததா? இல்லை என்றாலும் ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கியிருக்கிறதா? நுரையீரலுக்குள் ரத்தம் கசிபவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை ரத்தத்தை இருமித் துப்புவதே இல்லை என்பதால் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். சைனஸ் தொல்லை, காது மந்தம், மூக்கில் பொருக்கு உண்டா? பெரிய வயதில் புதிதாக ஆஸ்துமா வந்ததா? வாயில் திரும்பத் திரும்பப் புண் வருகிறதா? இரண்டு கையிலும் நாடி ஒரே மாதிரி பிடிபடுகிறதா? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் கிரியேட்டினின் எவ்வளவு? ஆன்கா (சொந்த வெள்ளையணுக்களையே தாக்கும் ஆன்டிபாடி) பரிசோதனை அனுப்பியாயிற்றா?

அப்புறம் பழைய படங்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும், மங்கலான எக்ஸ்ரே ஃபிலிமாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். சென்ற மாதம் வலப்பக்கம் இருந்த திட்டு இப்போது மறைந்து இடப்பக்கம் புதிதாக வந்திருக்கிறது என்றால், அந்த ஒரு தகவலே சாதாரண நிமோனியாவைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

குழாயின் அளவை வைத்து யோசிப்பது

இந்த நோய்களுக்கு இன்று பயன்படும் பெயர்களும் பிரிவுகளும் சேப்பல் ஹில் மாநாட்டில் வகுக்கப்பட்டவை. 1994-இல் வெளியான பட்டியலை 2012-இல் திருத்தினார்கள். அடிப்படை எளிது: எந்த அளவுக் குழாய் அதிகம் பாதிக்கப்படுகிறது?

பெரிய குழாய் என்றால் டக்காயாசு நோயும் ஜயன்ட் செல் நோயும். இவற்றில் நுரையீரல் தமனியை அதிகம் தாக்குவது டக்காயாசு. சிறிய குழாய் என்றால் ஆன்காவோடு தொடர்புடைய மூன்று நோய்கள். கிரானுலோமாவும் ரத்தக்குழாய் அழற்சியும் சேர்ந்து வருவது ஜி.பி.ஏ.; பழைய ரிப்போர்ட்டுகளில் 'வெஜனர்' என்று இருக்கும், 2011-இல்தான் பெயரை மாற்றினார்கள். நுண்குழாய்களைத் தாக்குவது எம்.பி.ஏ. ஆஸ்துமாவும், ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளையணுக்களின் பெருக்கமும் சேர்ந்தால் இ.ஜி.பி.ஏ. இவற்றோடு, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும் ஆன்டி ஜி.பி.எம். நோயும் சிறிய குழாய்ப் பிரிவில்தான் வருகிறது. பெஷெட் நோய்க்கு அளவுக் கட்டுப்பாடு கிடையாது. தமனி, சிரை, பெரியது, சிறியது எல்லாவற்றையும் தொடும்.

திரையில் எதைத் தேடுவது என்பது இந்த அளவைப் பொறுத்தது. சிறிய குழாய் என்றால் நுரையீரல் திசுவைப் பாருங்கள். பெரிய குழாய் என்றால் சுவரையும் விட்டத்தையும் பாருங்கள்.

எக்ஸ்ரே

எல்லாருக்கும் முதலில் எடுப்பது இதுதான். விரைவானது, கதிர்வீச்சு மிகக் குறைவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையிலேயே எடுக்கலாம். ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. தொடக்க நிலைக் கசிவும் சிறிய முடிச்சுகளும் அதில் தெரியாமல் போகும். சந்தேகம் இருந்தால் சி.டி.க்குப் போய்விடுங்கள். எக்ஸ்ரேயின் உண்மையான பயன் அதற்குப் பிறகுதான்: நாளுக்கு நாள் கூடுகிறதா குறைகிறதா என்று தொடர்ந்து பார்க்க.

சி.டி. எடுக்கும்போது

இங்கே டெக்னீஷியனின் கவனம் நோயறிதலையே மாற்றிவிடும். படலங்கள் (ஸ்கேன் வெட்டிக் காட்டும் ஒவ்வொரு துண்டும்) மெல்லியதாக, 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கட்டும். 5 மி.மீ. படலத்தில் மெல்லிய மங்கலும் சிறு குழிவும் கரைந்துபோகும். நோயாளி மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதி மூச்சில் எடுத்த படத்தில் ஆரோக்கியமான நுரையீரலே சாம்பல் நிறமாகத் தெரிந்து, நோய் இருப்பதாக ஏமாற்றும். மூச்சு வாங்குபவரிடம் அவசரப்படாமல், ஸ்கேன் தொடங்கும் முன்பே இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். நான் பார்த்த பல சந்தேகப் படங்கள், மூச்சு சரியாகப் பிடிக்காததால் வந்த சந்தேகங்கள்தான்.

ஜி.பி.ஏ. சந்தேகம் என்றால் குரல்வளைக்குக் கீழ்ப்பகுதியையும் சேர்த்து எடுங்கள். வழக்கமான நெஞ்சு சி.டி. நுரையீரலின் உச்சியில் தொடங்குவதால், அதற்கு மேலே மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது படத்துக்குள்ளேயே வராது. நோயாளிக்கு மூச்சு விடும்போது கீச்சென்ற சத்தம் வரும், நெஞ்சு சி.டி.யோ நன்றாக இருக்கும். காரணம் இரண்டு செ.மீ. மேலே இருக்கும்.

ரத்தக்குழாய் பளிச்சென்று தெரிய ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து வேண்டுமா? திசுவை மட்டும் பார்க்கத் தேவையில்லை. ஆன்கா நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் கிரியேட்டினினையும், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவையும் பார்க்காமல் ஊசி போடக்கூடாது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் நெஃப்ராலஜி (சிறுநீரக) மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். அதே நேரம், நுரையீரல் தமனியில் அடைப்போ புடைப்போ இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கான்ட்ராஸ்ட் இல்லாத படம் உதவாது. உயிர் ஆபத்து இருக்கும் இடத்தில் சிறுநீரகத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக்கூடாது.

டக்காயாசு சந்தேகத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நுரையீரல் தமனியை நிரப்பும் நேரத்தில் எடுக்கும் வழக்கமான படம் உட்குழியைப் பளிச்சென்று காட்டும், சுவரைக் காட்டாது. அழற்சியால் தடித்த சுவர் கான்ட்ராஸ்ட்டை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதனால் ஒரு நிமிடம் கடந்தபின் இன்னொரு சுற்று எடுத்தால்தான் சுவர் வளையமாகத் தெரியும். சீட்டில் "டக்காயாசுவா?" என்று எழுதாமல் வெறுமனே "ரத்தக்கட்டியா?" என்று எழுதியிருந்தால், அந்த இரண்டாவது சுற்றை யாரும் எடுக்க மாட்டார்கள்.

திரையில் படத்தின் கறுப்பு வெளுப்பை மாற்றும் அமைப்புக்கு விண்டோ என்று பெயர். நுரையீரல் விண்டோவுக்கு அகலம் 1500, மட்டம் மைனஸ் 600 என்று வைத்துப் பாருங்கள். பிறகு இதயமும் பெரிய குழாய்களும் தெளிவாகத் தெரியும் மீடியாஸ்டினல் விண்டோவுக்கு மாற்றி அகலம் 400, மட்டம் 40. இரண்டிலும் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றில் பார்த்துவிட்டு எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

படிக்கத் தொடங்குவோம்: ரத்தக் கசிவு

அவசரம் என்பதால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். நுரையீரல் விண்டோவில் மேலிருந்து மெதுவாக உருட்டிக்கொண்டே வாருங்கள். உச்சிப் பகுதி ஓரளவு கறுப்பாகவே இருக்கும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை நெருங்கும்போது, இரு பக்கமும் நடுப்பகுதியில் சாம்பல் நிற மங்கல் தொடங்கும், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. அதற்குள் ரத்தக்குழாய்களின் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது கிரவுண்ட் கிளாஸ். கோடுகளை மறைக்கும் அளவுக்கு வெளுத்திருந்தால் கன்சாலிடேஷன். அந்த இடத்துக் காற்றறைகள் முழுதாக நிரம்பிவிட்டன.

இப்போது பார்வையை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நுரையீரல் உறையை ஒட்டி மெல்லிய கறுப்பு விளிம்பு விட்டுப்போயிருக்கும். கீழே விலாவும் உதரவிதானமும் சேரும் மூலைகளும் பெரும்பாலும் தப்பியிருக்கும். நடுவில் அடர்ந்து, ஓரத்தில் விட்டுவைக்கும் இந்த அமைப்பு ரத்தக் கசிவை நினைக்க வைக்கிறது.

இதய நோயால் வரும் நுரையீரல் நீர்க்கோப்பும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். இதயம் பெரிதாக இருக்கிறதா, நுரையீரல் உறையில் இரு பக்கமும் நீர் சேர்ந்திருக்கிறதா, அடிப்பகுதியில் குறுக்குக் கோடுகள் வழுவழுப்பாகத் தடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவை எல்லாம் இருந்தால் நீர்க்கோப்பு. இதயம் சரியான அளவில் இருந்து, ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தால் ரத்தம்.

கசிவு நிற்கும்போது படம் மாறும் விதமும் ஒரு தடயம். இரண்டு மூன்று நாளில் மங்கலுக்குள் வலைபோலக் கோடுகள் தோன்றும். ஒழுங்கற்ற கற்கள் பதித்த தரை போல இருப்பதால் கிரேஸி பேவிங் என்பார்கள். அப்புறம் ஒன்று இரண்டு வாரத்தில் எல்லாம் கரைந்துவிடும். நிமோனியா இவ்வளவு விரைவாக முழுதாகக் கரைவது அரிது. ஆனால் திரும்பத் திரும்பக் கசிந்தால் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகத் தொடங்கும். குறிப்பாக எம்.பி.ஏ.யில், கசிவே தெரியாமல் நுரையீரல் தழும்பாக மட்டுமே நோய் முதலில் தலைகாட்டுவதும் உண்டு. காரணம் தெரியாத தழும்புள்ள நோயாளிக்கு ஆன்கா பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கசிவு என்று தோன்றினால் ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்காதீர்கள். தொலைபேசியை எடுத்து அனுப்பிய மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

முடிச்சுகளும் குழிவுகளும்

ஜி.பி.ஏ.யின் அடையாளம் இது. இரண்டு நுரையீரலிலும் பல முடிச்சுகள், சில மி.மீ. முதல் பல செ.மீ. வரை. மேல், கீழ் என்று தனி விருப்பம் கிடையாது. 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று நடுவில் குழிவாகும். குழிவின் சுவர் தடித்தும் உள்பக்கம் கரடுமுரடாகவும் இருக்கும். முடிச்சைச் சுற்றி மங்கலான வளையம் தெரிந்தால் சுற்றிலும் ரத்தம் கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு முடிச்சையும் மேலும் கீழும் உருட்டி, ரத்தக்குழாய் ஒன்று அதற்குள் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

2022-இல் வெளியான ஏ.சி.ஆர்., யூலர் (அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள்) வகைப்பாட்டு அளவுகோலில் நெஞ்சுப் படத்தில் முடிச்சு, கட்டி, குழிவு ஏதாவது இருந்தால் ஜி.பி.ஏ.வுக்கு 2 புள்ளி, ஆன்காவில் பி.ஆர்.3 என்ற வகை பாஸிடிவ் என்றால் 5 புள்ளி. மொத்தம் 5 வந்தால் அந்த வகையில் சேர்க்கலாம். எம்.பி.ஏ.வுக்கோ படத்தில் தழும்பு இருந்தால் 3 புள்ளி. படத்துக்கு எவ்வளவு எடை, ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு எடை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஒரு எச்சரிக்கை: இது வாஸ்குலைட்டிஸ் என்று உறுதியானவர்களை வகைபிரிக்க உருவான அளவுகோல். நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இதைக் கூட்டிக் கழிக்கக்கூடாது.

இ.ஜி.பி.ஏ.யைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓரங்களில் வந்து வந்து இடம் மாறும் திட்டுகள், தடித்த மூச்சுக்குழாய்ச் சுவர்கள், சில சமயம் நுரையீரல் உறையில் நீர். குழிவு அரிது. இதில் இதயத்தை மறக்கவே கூடாது. இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயப் பாதிப்புதான். எக்கோவும் (இதய அல்ட்ராசவுண்ட்), தேவைப்பட்டால் இதய எம்.ஆர்.ஐ.யும் கேளுங்கள்.

பெரிய தமனிகள்

டக்காயாசு நோய் பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வருகிறது. 1908-இல் இதை முதலில் விவரித்த மிக்கிட்டோ டக்காயாசு ஒரு கண் மருத்துவர். நுரையீரல் தமனியின் சுவர் தடிக்கும், கிளைகள் ஒடுங்கும், சில முற்றாக அடைபடும். ரத்தக்கட்டியிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? கட்டி என்றால் உட்குழிக்குள் கறுப்பு அடைசல் தெரியும். சுவர் இயல்பாக இருக்கும். அழற்சி என்றால் சுவரே வட்டமாகத் தடித்து உட்குழியைச் சுருக்கும். பழைய ரத்தக்கட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம். அப்போது மேலே பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் பாருங்கள். அங்கும் சுவர் தடித்திருந்தால் குழப்பம் தீர்ந்தது. முக்கிய நுரையீரல் தமனியின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். 29 மி.மீ.க்கு மேல் போனாலோ, பக்கத்தில் உள்ள பெருந்தமனியைவிட அகலமாக இருந்தாலோ நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம்.

பெஷெட் நோயைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் உயிர் போகும். துருக்கியின் தோல் மருத்துவர் ஹுலூசி பெஷெட் 1937-இல் விவரித்த இந்த நோயில் நுரையீரல் தமனி பலூன் போலப் புடைக்கும். எக்ஸ்ரேயில் நுரையீரல் வாயிலருகே (பெரிய குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில்) உருண்டையான, விளிம்பு தெளிவான நிழலாக அது தெரியும். இளம் ஆண், இருமலில் ரத்தம், உருண்டை நிழல்: நிணநீர்க் கட்டி, புற்றுநோய் என்று மனம் ஓடும். அதை ஊசியால் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் நுரையீரல் வாயிலருகே உள்ள எந்த உருண்டை நிழலையும், கான்ட்ராஸ்ட் சி.டி.யில் அது ரத்தக்குழாய் இல்லை என்று உறுதியான பிறகுதான் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு பொறி: புடைப்புக்குள்ளும் கிளைகளிலும் ரத்தம் உறைந்திருக்கும். "ரத்தக்கட்டி" என்று மட்டும் ரிப்போர்ட் எழுதினால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை உடனே தொடங்கிவிடுவார்கள். புடைப்பு இருக்கும்போது அது வெடித்து ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு. கட்டி காலிலிருந்து வந்து சேர்ந்ததல்ல, அழன்ற சுவரின் மேல் அங்கேயே உறைந்தது. அதனால் சிகிச்சையின் அடிப்படையும் அழற்சியை அடக்குவதுதான். புடைப்பு இருக்கிறதா என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

எம்.ஆர்.ஐ., பெட் சி.டி.

டக்காயாசுவுக்கு யூலர் பரிந்துரைகள் முதலில் சொல்வது எம்.ஆர்.ஐ.யைத்தான். நோயாளிகள் இளம் வயதினர், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டும், கதிர்வீச்சு சேரக்கூடாது. பெட் சி.டி. பெரிய குழாய்ச் சுவரில் அழற்சி எரிந்துகொண்டிருக்கிறதா என்று காட்டும். ஆனால் ஸ்டீராய்டு தொடங்கிச் சில நாட்களிலேயே அந்த ஒளி மங்கத் தொடங்கும், அதனால் தாமதிக்கக்கூடாது. சிறிய குழாய்களை பெட் காட்டாது. முடிச்சு ஒளிர்ந்தாலும் அது அழற்சியா, தொற்றா, புற்றா என்று சொல்லாது. நோயறிதலுக்காக மட்டும் குழாய் செருகி எடுக்கும் ஆஞ்சியோவுக்கு இன்று பெரிய இடமில்லை. பெஷெட் நோயாளிக்கு குத்திய இடத்திலேயே புதிய புடைப்பு வரவும் வாய்ப்புண்டு.

தொற்றை ஒதுக்காமல் நகராதீர்கள்

தடித்த சுவருள்ள குழிவு என்றால் காசநோய் முதலில் நினைவுக்கு வர வேண்டும். மேல் பகுதியில் குழிவு, பக்கத்தில் துளிர்விட்ட கிளை போன்ற நுண்புள்ளிகள் என்றால் காசநோயின் பக்கம் சாய்கிறது. எப்படியிருந்தாலும் சளிப் பரிசோதனை இல்லாமல் முடிவெடுக்க முடியாது. காசநோயாளிக்கு வாஸ்குலைட்டிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பதும், ஜி.பி.ஏ. நோயாளிக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பதும் இரண்டுமே நடக்கின்றன. இதய வால்வுத் தொற்றிலிருந்து பறந்து வரும் துணுக்குகளும் குழிவுள்ள முடிச்சுகளாகத்தான் தெரியும். அந்தத் தொற்றில் ஆன்காகூட பாஸிடிவ் ஆகலாம் என்பது புதியவர்களைக் கவிழ்க்கும் இடம். ரத்தக் கல்ச்சரும் எக்கோவும் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் எழுதுவது

"இரு நுரையீரலிலும் திட்டுகள், மருத்துவ ரீதியாக ஒப்பிடவும்" என்ற வரி யாருக்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரு பக்கமும் நடுப்பகுதியில் கிரவுண்ட் கிளாஸ், ஓரங்கள் தப்பியுள்ளன. வலக் கீழ்மடலில் 2.4 செ.மீ. முடிச்சு, நடுவில் குழிவு. இதயம் இயல்பான அளவு. நுரையீரல் ரத்தக் கசிவும் சிறு குழாய் வாஸ்குலைட்டிஸும் முதல் சந்தேகம். தொற்றை ஒதுக்க வேண்டும். சிறுநீர், கிரியேட்டினின், ஆன்கா, ஆன்டி ஜி.பி.எம். உடனே பார்க்கவும்." படிக்கும் மருத்துவர் அடுத்த நிமிடமே செயல்பட முடியும். பயாப்ஸிக்கு எளிதில் எட்டும் முடிச்சு எது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால் பல நேரம் அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள்.

தொடர்ந்து பார்க்கும்போது

சிகிச்சை தொடங்கியபின் முடிச்சுகள் வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் சுருங்கும், குழிவின் சுவர் மெலியும். சில இடங்களில் தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடும், அதை நோய் மீண்டும் வந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்குப் புதிய மங்கல் வந்தால் மூன்று சாத்தியம்: நோய் திரும்பியிருக்கலாம், நியூமோசிஸ்டிஸ் போன்ற தொற்றாக இருக்கலாம், மருந்தே நுரையீரலைப் பாதித்திருக்கலாம். படம் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கும், சிகிச்சையோ நேரெதிர். அப்போது பழைய சி.டி.யைப் பக்கத்தில் திறந்து வைத்து, எந்தப் படலத்தில் எது புதிது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நோயாளி என்னென்ன மருந்து, எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறார் என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.